இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு மூதாதையரைப் பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

என் மாமியார் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்து, "உனக்குத்தான் இதிலெல்லாம் ஆர்வம், நீயே வைத்துக்கொள்" என்றார். உள்ளே 1908 ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, யாரென்று தெரியாத இரண்டு புகைப்படங்கள், ஒரு பித்தளைப் பொத்தான். சான்றிதழ் என் கணவருடைய தாத்தாவுடையது. அங்கிருந்து பின்னோக்கி நடந்து அந்தத் தாத்தாவின் தாத்தாவை நான் போய்ச் சேர மூன்று வருடம் ஆனது. 1846 இல் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், லண்டன் ஓரத்தில் கேஸ் தொழிற்சாலை உலைக்குக் கரி தள்ளியவர், 1915 இல் இறந்தவர். இனி இவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அந்த மூன்று வருடத்தில் எட்டு மாதம் முழுக்க வேறு ஒருவரின் பின்னால் போயிருந்தேன்.

வெள்ளைக்காரக் குடும்பத்தில் கல்யாணம் செய்தவர்கள், ஆங்கிலோ இந்திய வேர் உள்ளவர்கள், தாத்தாவின் தாத்தா இங்கிலாந்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தார் என்று கேட்டு வளர்ந்தவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்: இங்கிலாந்துப் பதிவுகளில் பெயர் ஆளைக் காட்டாது. ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களை வைத்தே முந்நூறு வருடம் ஓட்டியிருக்கிறார்கள், ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். ஆளைக் காட்டுவது ஊர், தொழில், கூட இருந்தவர்கள். இந்த மூன்றும் பொருந்தாத வரை எந்தத் தாளையும் உங்கள் தாத்தாவுடையது என்று நம்பாதீர்கள்.

முதலில் வீட்டைத் துழாவுங்கள்

குடும்பத்தில் வயதானவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். பெயரைக் கேட்பதைவிட "எந்தத் தெருவில் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எந்தச் சர்ச்சுக்குப் போனார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம், ஏனென்றால் சண்டை போட்டுப் பிரிந்த கிளையில்தான் பழைய பைபிளும் போட்டோக்களும் போய்ச் சேர்ந்திருக்கும். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதிகளை எழுதி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு.

செல்லப்பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பாலி என்றால் மேரி, பெக்கி என்றால் மார்கரெட், நான்சி என்றால் ஆன், ஜாக் என்றால் ஜான், ஹாரி என்றால் ஹென்றி. வீட்டில் எல்லாரும் "பாலி அத்தை" என்று சொன்னவரைப் பதிவேட்டில் பாலி என்று தேடினால் கிடைக்கவே மாட்டார்.

அப்புறம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, தேதி, இடம், என்ன நடந்தது, எந்தப் பதிவில் பார்த்தேன் என்று நான்கு கட்டங்கள் வையுங்கள். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நகராதீர்கள். ஆறு மாதம் கழித்து "இது எங்கிருந்து வந்தது" என்று உங்களையே நீங்கள் கேட்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சான்றிதழ்கள்: பின்னோக்கி, ஒரு தலைமுறை தாண்டாமல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. ஸ்காட்லாந்தில் 1855, அயர்லாந்தில் முழுமையாக 1864, அவை தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி விதிகள். இங்கிலாந்துப் பதிவுகள் ஜி.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. பிறப்புக்கும் இறப்புக்கும் அவர்களுடைய இணையதளத்திலேயே அட்டவணை இருக்கிறது, கணக்குத் தொடங்கினால் இலவசமாகத் தேடலாம். திருமண அட்டவணை மட்டும் அங்கே இல்லை, அதற்கு ஃப்ரீபிஎம்டி என்ற தளத்துக்குப் போக வேண்டும், அதுவும் இலவசம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்தது.

அட்டவணை காலாண்டு வாரியாக ஓடும். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பதிந்தவை. பிறந்தவை அல்ல, பதிந்தவை. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் நவம்பர் கடைசியில் பிறந்த பிள்ளை அடுத்த வருட மார்ச் காலாண்டில் இருக்கலாம், எனவே எப்போதும் முன்னும் பின்னும் ஒரு காலாண்டு சேர்த்துத் தேடுங்கள். பதிவு மாவட்டம் என்பதும் ஊர்ப்பெயர் அல்ல. பல கிராமங்களைச் சேர்த்த வட்டாரம் அது. உங்கள் கிராமம் எந்த மாவட்டத்தில் விழுகிறது என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

நம் ஊரில் அப்பா பெயர் முன்னெழுத்தாக வந்து நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே குடும்பப்பெயர் அப்படியே இறங்கி வரும், ஆனால் பெண்ணின் பெயர் கல்யாணத்தோடு காணாமல் போய்விடும். அதனால் அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர்தான் இந்தத் தேடலின் சாவி. பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும், ஜி.ஆர்.ஓ.வின் புதிய இணைய அட்டவணையில் 1837 வரைக்கும் இருக்கிறது. இறந்தவரின் வயதும் அப்படியே, பழையதில் 1866 முதல், புதியதில் ஆரம்பத்திலிருந்தே. இந்த இரண்டு வசதியும் வந்த பிறகு முன்பு வருடக்கணக்கில் ஆன வேலை ஒரு மாலையில் முடிகிறது, உண்மையாகவே.

என் கையில் இருந்த 1908 பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அவர் தொழில், அம்மா பெயர், அவருடைய பிறந்தவீட்டுப் பெயர், எந்த வீட்டில் பிறந்தார், யார் வந்து பதிந்தார் எல்லாம் இருந்தன. இரண்டு குடும்பப்பெயர்களும் கிடைத்ததால் அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினேன், 1903 இல் கிடைத்தது. அந்தத் திருமணச் சான்றிதழில்தான் மாப்பிள்ளையின் அப்பாவாகப் பெரியவரின் பெயர் முதல் தடவையாக வந்தது, தொழில் "உலைத் தொழிலாளி" என்று.

திருமணச் சான்றிதழைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 2021 மே மாதம் வரை அதில் அப்பாக்களின் பெயர் மட்டும்தான் இருக்கும், அம்மாக்களின் பெயர் கிடையாது. வயதுக் கட்டத்தில் "முழு வயது" என்று மட்டும் எழுதியிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள், அறுபதாகக்கூட இருக்கலாம். இருவருக்கும் ஒரே முகவரி போட்டிருந்தால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று அவசரப்பட வேண்டாம், இரண்டு சர்ச்சில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து இரண்டு கட்டணம் கட்டுவதைத் தவிர்க்கப் பலரும் அப்படி ஒரே முகவரி கொடுத்தார்கள். தகப்பன் யாரென்று தெரியாமல் பிறந்தவர்கள் வெட்கப்பட்டு இல்லாத அப்பா ஒருவரை அந்தக் கட்டத்தில் எழுதியதும் உண்டு.

சாட்சிக் கையெழுத்துகளைக் கட்டாயம் குறித்து வையுங்கள். ஜி.ஆர்.ஓ. அனுப்பும் நகலில் இருப்பது குமாஸ்தா எழுதிய பெயர்கள். சர்ச்சிலேயே தங்கிப் பிறகு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போன மூலப் பதிவேட்டில்தான் அவர்களுடைய சொந்தக் கையெழுத்து இருக்கும். அதன் படம் இணையத்தில் இருந்தால் சான்றிதழ் வாங்காதீர்கள், அந்தப் படத்தைப் பாருங்கள்.

சென்சஸ்: பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஓர் இரவு

1801 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள் என்றாலும் நாடு முழுக்க எல்லாருடைய பெயரும் கிடைப்பது 1841 முதல்தான். 1841 கணக்கைப் பென்சிலில் எழுதினார்கள், பல பக்கங்கள் மங்கிவிட்டன. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் இல்லை, எனவே ஒரு வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இருந்தால் கணவன் மனைவி என்று முடிவு கட்டாதீர்கள், அண்ணன் தங்கையாக இருக்கலாம். 1851 முதல் உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் வரும்.

1911 வரை எல்லாம் கைக்கு எட்டும். 1921 கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. 1931 கணக்கு கிடையாது, 1942 இல் தீயில் முழுதாக எரிந்துவிட்டது. 1941 இல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. இந்தப் பெரிய ஓட்டையை அடைப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு, அடையாள அட்டைக்காக எடுத்தது. பிறந்த தேதி முழுதாக இருக்கும் என்பது மட்டுமில்லை, பின்னாளில் கல்யாணமான பெண்களின் புதிய குடும்பப்பெயரை அதே வரியில் மேலே எழுதி வைத்திருக்கிறார்கள். காணாமல் போன அத்தைகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. நூறு வருடத்துக்குள் பிறந்தவர்களின் வரிகள் மட்டும், அவர்கள் இறந்தது உறுதியாகாத வரை, மறைக்கப்பட்டிருக்கும்.

ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் கட்டணத் தளங்கள். ஃபேமிலிசர்ச் இலவசம், மார்மன் திருச்சபை நடத்துவது. இங்கிலாந்தில் இருப்பவர்கள் சந்தா கட்டுவதற்கு முன் உள்ளூர் நூலகத்தில் விசாரியுங்கள், பல நூலகங்களில் இந்தத் தளங்களை இலவசமாகத் திறந்து பார்க்கலாம். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனாலும் காசு கட்டாமல் பார்க்கலாம்.

தேடும்போது குடும்பப்பெயரை விட்டுவிட்டு, முதல் பெயர், பிறந்த வருடம் இரண்டு வருட வித்தியாசத்தோடு, பிறந்த மாவட்டம் என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். 1901 வரையுள்ள கணக்குகளில் நாம் பார்ப்பது வீட்டுக்காரர் தாளில் எழுதியதை, அல்லது எழுதத் தெரியாதவர் சொல்லக் காதில் விழுந்தபடி கணக்கெடுப்பாளரே எழுதியதை, பிறகு அவர் புத்தகத்தில் பெயர்த்து எழுதி, அதை நூறு வருடம் கழித்து இன்னொருவர் தட்டச்சு செய்தது. லண்டன்காரர்கள் சொல்லின் முதலில் வரும் "ஹ" ஒலியை விழுங்கிவிடுவார்கள், ஹாரிஸ் ஆரிஸ் ஆகிவிடும். நாங்கள் தேடிய குடும்பப்பெயரை ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள்.

பிறந்த ஊரும் வழுக்கும். பெரியவர் 1871 இல் "நார்ஃபோக்" என்று மட்டும் சொல்லியிருந்தார், 1891 இல் "டீரம்". டீரம் என்பது சந்தை கூடும் ஊர், சுற்றியுள்ள இருபது கிராமத்துக்காரர்களும் வெளியூரில் அதைத்தான் தங்கள் ஊர் என்று சொல்வார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் சென்னையில் "தென்காசி" என்று சொல்லிவிட்டு நகர்வது போலத்தான்.

அந்த எட்டு மாதம்

இங்கேதான் நான் சறுக்கினேன். டீரம் வட்டாரத்தில் 1846 இல் பெரியவரின் பெயரிலேயே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. வருடம் சரி, வட்டாரம் சரி, பெயர் சரி. இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரமும் அதையே சொன்னது. அவ்வளவுதான், அந்தக் குழந்தையின் அப்பா, தாத்தா, பூட்டன் என்று 1700 வரை ஏறிவிட்டேன். சுவரில் மாட்டச் சட்டம்கூடப் போட்டாயிற்று.

பிறகு ஒருநாள் அந்தக் குடும்பத்துப் பாட்டி ஒருவரின் அடக்கத்தைத் தேடி அதே சர்ச்சின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். 1850 ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்தக் குழந்தையின் பெயர் இருந்தது, வயது நாலு. நாலு வயதில் மண்ணுக்குள் போன பிள்ளையை நான் லண்டனுக்கு அனுப்பி, கல்யாணம் செய்து வைத்து, பத்துப் பிள்ளை பெறவைத்திருந்தேன். அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன், வீணான வேலைக்காக அல்ல, அந்தப் பிள்ளைக்காக.

அதனால் இந்த விதியை எங்கேயாவது எழுதி ஒட்டிவையுங்கள்: ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தால், அந்தக் குழந்தை பிழைத்ததா என்பதை முதலில் பாருங்கள். அடுத்த பதினைந்து வருட அடக்கப் பதிவுகளையும் இறப்பு அட்டவணையையும் பார்க்காமல் ஒரு படிகூட மேலே ஏறாதீர்கள். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கமும் அங்கே பரவலாக இருந்தது, ஒரே வீட்டில் இரண்டு வில்லியம் இருந்தால் பெரும்பாலும் முதல் வில்லியம் இறந்திருப்பான். இணைய மரங்களைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக ஒருநாளும் எடுக்காதீர்கள். ஒருவர் செய்த தவறை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள், நூறு மரத்தில் இருக்கிறது என்பதால் அது உண்மையாகிவிடாது.

சரியான ஆள் கிடைத்தது அவருடைய தங்கையால். 1881 கணக்கில் லண்டன் ஓரத்து வெஸ்ட் ஹாமில் பெரியவர், மனைவி, பிள்ளைகள், இவர்களோடு "சகோதரி" என்று ஒரு பெண், கல்யாணமாகாதவர், வீட்டுவேலைக்காரி, வயது 33. அண்ணன் வெறுமனே நார்ஃபோக் என்றபோது தங்கை தன் கிராமத்தின் பெயரைச் சொல்லியிருந்தாள். நான் தேடிக்கொண்டிருந்த கிராமத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, வேறொரு சர்ச். அங்கே 1846 இல் அண்ணன், 1848 இல் தங்கை, ஒரே பெற்றோர். பெரியவரின் 1872 திருமணப் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால் சாட்சியாக நின்றதும் அதே தங்கைதான், அவள் பெயரை நான் முன்பே பார்த்திருந்தும் யாரோ என்று விட்டிருந்தேன்.

எனவே சென்சஸில் உங்கள் ஆளைக் கண்டதும் பக்கத்தை மூடாதீர்கள். அந்த வீட்டில் இருக்கும் விருந்தாளி, மாமியார், வாடகைக்கு இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1871 இல் பெரியவர் தங்கியிருந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் நார்ஃபோக்காரர்கள், நம் பையன்கள் ஒருவர் பின் ஒருவராகத் துபாய்க்குப் போய் ஒரே அறையில் தங்குவது போல.

தொழிலைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையைப் படியுங்கள்

தேதிகள் மட்டும் சேர்ந்தால் அது பட்டியல், வாழ்க்கை ஆகாது. பெரியவர் ஏன் ஊரை விட்டார், ஏன் வெஸ்ட் ஹாமுக்கு வந்தார்? வெஸ்ட் ஹாம் அப்போது லண்டனுக்குள் இல்லை, எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்தது, தேம்ஸ் கரையில் கப்பல்துறைகளும் தொழிற்சாலைகளும் முளைத்த இடம். அதன் தென்கிழக்கே பெக்டனில் 1870 இல் மிகப் பெரிய கேஸ் தொழிற்சாலை திறந்தார்கள். 1871 இல் "கூலி" என்று இருந்தவர் 1881 இல் "கேஸ் உலைத் தொழிலாளி" ஆகிவிட்டார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நெருப்புக்கு முன்னால் நின்று கரி தள்ளும் வேலை. 1889 இல் பெக்டன் தொழிலாளிகள் வில் தோர்ன் தலைமையில் சங்கம் கட்டி எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். அப்போது பெரியவருக்கு 43 வயது, அதன் பிறகு இரண்டு வருடம் கழித்து எடுத்த 1891 கணக்கிலும் அவர் அதே தொழிலில்தான் இருக்கிறார். சான்றிதழில் ஒரு சொல்லாக இருந்த தொழில் எனக்கு உடம்பும் வியர்வையுமாக மாறியது இதைப் படித்தபோதுதான்.

பழைய வரைபடங்களையும் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாக இருக்கின்றன, முகவரியை வைத்து அந்தத் தெருவையே பார்க்கலாம். ஆள் லண்டனுக்குள் வாழ்ந்தவர் என்றால் சார்ல்ஸ் பூத் 1880களின் கடைசியில் தொடங்கித் தயாரித்த வறுமை வரைபடத்தைத் தேடுங்கள், ஒவ்வொரு தெருவுக்கும் நிறம் கொடுத்திருப்பார், கறுப்பு என்றால் மிகவும் ஏழைகள், மஞ்சள் என்றால் பணக்காரர்கள்.

1837க்கு முன்: சர்ச் பதிவேடுகள்

1538 இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு ஊர்த் திருச்சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை. மூலம் கிடைக்காத இடத்தில், 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். 1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் வந்த ஆட்சியும் பதிவுகளைக் குலைத்துவிட்டன, அங்கே இடைவெளி இருந்தால் உங்கள் தேடலில் குறையில்லை.

1754 முதல் திருமணங்கள் அரசு ஏற்ற சபையான ஆங்கிலிக்கன் சர்ச்சில், ஓலை வாசித்தோ உரிமம் வாங்கியோ நடந்தால்தான் செல்லும் என்று சட்டம் வந்தது, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. ஆகவே உங்கள் ஆள் மெதடிஸ்டாகவோ கத்தோலிக்கராகவோ இருந்தாலும் 1837 வரைக்குமான கல்யாணத்தை ஆங்கிலிக்கன் பதிவேட்டிலும் தேடுங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தன, ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் தொழிலும் வசிப்பிடமும் சேர்ந்தது.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. பதிவேட்டில் 1725 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1726. இது தெரியாமல் பார்த்தால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது போலத் தோன்றி, யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றித் தவறாக எழுதிவிடுவோம்.

அப்பா பெயர் இல்லாத ஞானஸ்நானப் பதிவு வந்தால் பிள்ளையின் நடுப்பெயரைப் பாருங்கள். அது ஒரு குடும்பப்பெயர் போல இருந்தால் பெரும்பாலும் தகப்பனுடையது, அம்மா வேறு வழியில்லாமல் அங்கே மறைத்து வைத்தது.

ஏழைகள், படைவீரர்கள், உயில்கள்

பணக்காரர்களைவிடப் பரம ஏழைகளைப் பற்றித்தான் சில சமயம் அதிகம் எழுதி வைத்திருப்பார்கள். 1662 சட்டப்படி ஏழைக்கு உதவ வேண்டியது அவனுடைய சொந்தத் திருச்சபை, எனவே உதவி கேட்டு வந்தவனை உட்காரவைத்து எங்கே பிறந்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்று விசாரித்து எழுதுவார்கள். ஒரு விவசாயக் கூலியின் வாழ்க்கை அவன் வாய்மொழியாகவே கிடைக்கும் ஒரே இடம் அந்த விசாரணைத் தாள்தான். 1834க்குப் பிறகு பல திருச்சபைகள் சேர்ந்த யூனியன்களும், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அவற்றின் வொர்க்ஹவுஸ்களும் வந்தன. பெரியவரை 1851 கணக்கில் தேடித் தேடிக் கிடைக்காமல், கடைசியில் கிரெசன்ஹால் வொர்க்ஹவுஸில் கண்டேன், ஐந்து வயது, விதவைத் தாயோடும் மூன்று வயதுத் தங்கையோடும். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம், உள்ளே போய்ப் பார்க்கலாம். சில நிறுவனங்களில் ஆட்களின் முன்னெழுத்துகளை மட்டும் எழுதியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1904 முதல் வொர்க்ஹவுஸில் பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் அந்தச் சொல் வராமல் வெறும் தெரு முகவரி போடத் தொடங்கினார்கள், பிள்ளைக்கு அவமானம் வரக்கூடாது என்று. முகவரி எங்கே என்று தேடினால்தான் தெரியும். வொர்க்ஹவுஸ் மருத்துவமனையில் இறந்தார் என்றால் அநாதையாகக் கிடந்து இறந்தார் என்று நினைக்காதீர்கள், ஏழைகளுக்கு வேறு ஆஸ்பத்திரி இல்லாததால் குடும்பத்தோடு இருந்தவர்களும் கடைசி வாரங்களில் அங்கேதான் போனார்கள். பெரியவர் இறந்தது விப்ஸ் கிராஸில், 1903 இல் வெஸ்ட் ஹாம் யூனியன் கட்டிய மருத்துவமனை. இறப்பைப் பதிந்தவர் அவருடைய மகள்.

உயில்களைப் பொறுத்தவரை, 1858 ஜனவரி முதல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே அட்டவணை, அரசுத் தளத்தில் தேடலாம். அதற்கு முன் சர்ச் நீதிமன்றங்கள், அவற்றில் பெரியதான கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் உலகப்போர் வீரர்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்தன. கோப்பு இல்லையென்றால் பதக்க அட்டைகளையும், போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தையும் பாருங்கள்.

இந்தியாவுக்கு வந்தவர் என்றால்

இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தையை ஜி.ஆர்.ஓ.வின் வழக்கமான அட்டவணையில் தேடிப் பயனில்லை. சென்னை, பம்பாய், வங்காளம் மூன்று மாகாணச் சர்ச்சுகளும் தங்கள் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பின, சென்னை மாகாணத்துடையது 1698 இல் தொடங்குகிறது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இருக்கின்றன, பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட்டில் படமாகக் கிடைக்கும். ஃபிபிஸ் என்ற அமைப்பின் தரவுதளம் இலவசம், முதலில் அங்கே தேடுங்கள். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச் 1680 இல் திறந்தது, சென்னையின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் கல்யாணமும் பிறகு ராபர்ட் கிளைவின் கல்யாணமும் அங்கேதான் நடந்தன.

நமக்குத் தெரிந்த பென்னிகுவிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1841 ஜனவரியில் பூனாவில் பிறந்தவர், எனவே ஞானஸ்நானத்தைப் பம்பாய் மாகாணப் பதிவில் தேட வேண்டும். முல்லைப் பெரியாறு அணை கட்டிய அவர் இங்கிலாந்தில் 1911 மார்ச் 9 அன்று இறந்தார், சென்சஸ் எடுத்தது ஏப்ரல் 2 அன்று. 24 நாளில் தவறிவிட்டார். 1911 கணக்கில் அவரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று யாராவது குழம்பினால் காரணம் இதுதான், எனவே ஒருவர் ஒரு கணக்கில் இல்லையென்றால் முதலில் இறப்புத் தேதியைப் பாருங்கள்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, இங்கிலாந்தில் எந்த ஊர் என்பதெல்லாம் கிடைத்துவிடும், அவரை மணந்த இந்தியப் பெண்ணுக்கோ பல பதிவுகளில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் மட்டும்தான் இருக்கும், அவள் அப்பா யார், எந்த ஊர், எதுவும் இருக்காது. பாதி மூதாதையர் அவள் வழியாக வந்தவர்கள். சிப்பாயின் பெயரை வைத்துத் தேடுவது முடிந்த பிறகு அவளுக்காக மறுபடி தேடுங்கள், பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் சாட்சியாக நின்ற உள்ளூர்ப் பெயர்களிலிருந்து.

1911 தாள்

கடைசியாகப் பார்க்கச் சொல்வது 1911 படிவம். இதற்கு முந்தைய கணக்குகளெல்லாம் பெயர்த்து எழுதியவை, 1911 இல்தான் குடும்பத்தார் கைப்பட நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டது. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கேள்விகளும் அதில் இருந்தன. மனைவியை இழந்த ஆண்கள் தங்களுக்குத் தேவையில்லாத அந்தக் கட்டத்தையும் நிரப்பிவிட, அதிகாரிகள் கோடு போட்டு அடித்திருப்பார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே எண்கள் தெரியும், படியுங்கள்.

பெரியவர் தன் கல்யாணப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டவர், மனைவி கையெழுத்துப் போட்டவர். 1911 படிவம் முழுக்க அந்த மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. பிறந்தது 10, இருப்பது 6, இறந்தது 4.

குடும்பத்தில் யாருக்கும் இந்த நாலு பேரைப் பற்றித் தெரியாது. இப்படி ஓர் எண்ணிக்கை உங்களுக்கும் கிடைத்தால், ஜி.ஆர்.ஓ. பிறப்பு அட்டவணையில் குடும்பப்பெயரையும் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, கல்யாண வருடத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு அதே மாவட்டத்தில் தேடுங்கள். வரும் பெயர்களில் எந்தச் சென்சஸிலும் இல்லாதவற்றைப் பிரித்தெடுத்து, இறப்பு அட்டவணையில் அதே மாவட்டத்தில் வயது 0 முதல் 9 வரை பாருங்கள். பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தையை "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் பதிந்திருப்பார்கள், அதையும் சேர்த்துத் தேடுங்கள். எங்களுக்கு இப்படி மூன்று பேர் கிடைத்தார்கள், இரண்டு வயதில் ஒருவன், ஏழு மாதத்தில் ஒருத்தி, ஆறு வயதில் ஒருத்தி. மூன்று பெயரையும் மாமியார் அந்த டப்பாவின் மூடிக்குள் ஒரு தாளில் எழுதி ஒட்டி, நாலாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறார். 1880 ஜூன் காலாண்டிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வருகிறேன்.